திரும்பி வராத மொய்

ஆத்தா, நான் ஒட்டுக் கேக்கல. காதுல தானா விழுந்துச்சு. பேராவூரணிப் பக்கத்துத் தோப்புல அறுபது வருசமா, தேங்கா விழுற சத்தத்தை வச்சே எந்த மரத்துக் காய்னு சொன்ன காது இது. நீங்க என்னடான்னா இந்தச் சேக்ரமென்டோவுல, சமையக்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவுல சுவரே வைக்காம வீட்டைக் கட்டிக் குடியிருக்கீங்க. காது என்னத்தா செய்யும்?

நேத்து ஞாயித்துக்கிழமை உங்கூட வேலை பாக்குறவங்க அஞ்சு பேரு வந்தாங்க. நல்ல பிள்ளைக. வாசல்லயே நின்னு செருப்பைக் கழட்டவான்னு கேட்ட அந்த வெள்ளக்காரப் பொண்ணுக்கு நான் மனசுக்குள்ளயே அம்பத்தோரு ரூவா மொய் எழுதிட்டேன். ரெண்டரை மணி நேரம் பேசுனீங்க. பதினேழு சமோசா காலி. விசயம் என்னன்னா, உங்க சங்கத்துல தேர்தல் நிதின்னு ஒண்ணு இருக்கு. ஆளுக்குக் கொஞ்சம் அதுல போட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அனுசரணையா இருக்குற வேட்பாளருக்குக் குடுக்கலாமா, வேணாமா. கடைசியா என்ன முடிவு எடுத்தீங்க? முடிவு எடுக்கிறதுக்கு ஒரு குழு போடலாம்னு முடிவு எடுத்தீங்க. நான் அந்தப் பக்கம் சின்ன வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தேன். கண்ணுல தண்ணி வந்ததுக்கு வெங்காயந்தான் காரணம்னு மாப்புள நெனச்சிருப்பாரு. அப்படியே இருக்கட்டும்.

அந்த நிதிக்குப் பேரு பேக்காம். பொலிட்டிகல் ஆக்‌ஷன் கமிட்டிங்கிறதைச் சுருக்கி அப்படிச் சொல்றோம் பெரியப்பான்னு நீ வெளக்குன. நம்ம ஊர்ல பேக்குன்னு யாரைச் சொல்லுவோம்னு உனக்குத் தெரியும். பேரு வச்சவன் காசு போடுறவனச் சொன்னானா, போடாம கணக்குப் பாக்குறவனச் சொன்னானான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். விடியுறப்ப ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்குக் குழு தேவைப்படல.

மொதல்ல உன் வேலையை நான் சரியாத்தான் வெளங்கிக்கிட்டேனான்னு பாரு. ஊர்ல கேட்டா, "எங்க வீட்டுப் பொண்ணு அமெரிக்காவுல பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குது"ன்னு உங்க சின்னத்தா சொல்லிக்கிட்டுத் திரியுது. நான் அப்படி இல்ல. நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மனசைப் பாக்குற சைக்காலஜிஸ்டு. நீ சொன்னத மறக்கல. 1896-ல ஃபிலடெல்ஃபியாவுல லைட்னர் விட்மர்னு ஒரு பேராசிரியர். அவர்கிட்ட ஒரு டீச்சரம்மா ஒரு பையனக் கூட்டியாந்தாங்க. மத்ததுல கெட்டிக்காரன், எழுத்துக் கூட்டி எழுத மட்டும் வரல. அவரு பிரம்பை எடுக்கல. பக்கத்துல உக்காந்து என்ன கோளாறுன்னு பாத்தாரு. அங்கதான் உங்க தொழில் பொறந்துச்சு. ஒரு பையன், ஒரு டீச்சர், பொறுமையா ஒரு மனுசன்.

இன்னைக்கு? 1969-ல ஆரம்பிச்ச உங்க தேசியச் சங்கம் 500 பிள்ளைக்கு ஒரு சைக்காலஜிஸ்ட் வேணும்னு சொல்லுது. நாட்டுல இருக்குறதோ ஆயிரம் பிள்ளைக்கு மேல ஒருத்தர். இந்தக் கலிஃபோர்னியாவுல மட்டும் அரசாங்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக 58 லட்சத்துக்குக் கிட்ட. உனக்கு மூணு பள்ளிக்கூடம். திங்கக்கிழமை ஒண்ணு, செவ்வாக்கிழமை ஒண்ணுன்னு பால்காரன் மாதிரி சுத்துற. செவ்வாக்கிழமைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வியாழக்கிழமை மனசு ஒடைஞ்சா, அடுத்த செவ்வாய் வரைக்கும் அது அந்த மனச எங்கத்தா வச்சிருக்கும்? பெத்தவங்க சம்மதக் கையெழுத்துப் போட்டதுலேருந்து 60 நாளைக்குள்ள சோதிச்சு அறிக்கை குடுத்தாகணும். அதனால பிள்ளைகிட்டப் பேசுற நேரத்தை விட, பிள்ளையைப் பத்தித் தட்டச்சு பண்ற நேரந்தான் ஜாஸ்தி. நடுராத்திரி வரைக்கும் லொட்டு லொட்டுன்னு கேக்குது. அதுவும் காதுல தானாத்தான் விழுது.

இப்படி ஒரு பாட்டை வச்சிக்கிட்டு, கண்ணாடி போட்ட அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு? "நாம தொழில்காரங்க, நமக்கு எதுக்கு அரசியல்?" எனக்கு உரிச்ச வெங்காயம் கையிலேருந்து விழுந்துருச்சு.

அந்தப் பொண்ணு உக்காந்து வேலை பாக்குற நாற்காலியே அரசியல் போட்டதுதானே ஆத்தா. 1975 நவம்பர் 29-ந் தேதி, குறைபாடு உள்ள பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்துல எடம் குடுத்தாகணும்னு ஒரு சட்டத்துல ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்துப் போட்டாரு. அதுக்கு முந்தி அந்த மாதிரிப் பிள்ளைகளை வாசலோட திருப்பி அனுப்புன பள்ளிக்கூடம் எத்தனையோ. அந்தச் சட்டத்துல இன்னொரு வரியும் எழுதுனாங்க. நாட்டுல ஒரு பிள்ளைக்குச் சராசரியா ஆகுற செலவுல 40 சதவீதம் வரைக்கும், அந்த மாதிரி ஒவ்வொரு பிள்ளைக்கும் மத்திய அரசு தாங்கும்னாங்க. அம்பது வருசம் தாண்டிருச்சு. ஒரு வருசங்கூட அது முழுசா வரல; இன்னைக்கு வர்றது அதுல பாதியை எட்டல. நம்ம பக்கம் மொய் பாக்கி வச்சவன் வீட்டுக்கு நாலு பெருசு போயி, தண்ணி வாங்கிக் குடிச்சு, மழை எப்படின்னு விசாரிச்சு, எந்திரிக்கிறப்ப நோட்டை லேசாத் தொறந்து காட்டிட்டு வருவோம். உங்க பாக்கிக்கு யாரு நோட்டைத் தூக்கிட்டுப் போனா?

இன்னொண்ணு. நீ பெட்டியில வச்சிருக்கியே சோதனைச் சாமான், அதை எந்தப் பிள்ளைக்குத் தொறக்கலாம்னு முடிவு பண்றது கூட நீ இல்ல. சான் பிரான்சிஸ்கோ வழக்கு ஒண்ணு சொன்னியே, லேரி பி. ஐ.க்யூ. பரீட்சையை வச்சுக் கறுப்பினப் பிள்ளைகளை மந்தம்னு முத்திரை குத்தித் தனி வகுப்புல தள்ளுனாங்க. பெத்தவங்க கோர்ட்டுக்குப் போனாங்க. கறுப்பின உளவியலாளர்கள் சிலர் அதே பிள்ளைகளத் திரும்பச் சோதிச்சு, முத்திரை தப்புன்னு காட்டுனாங்க. அந்தப் பரீட்சையை வச்சு அப்படித் தள்ளக் கூடாதுன்னு 1979-ல நீதிபதி ராபர்ட் பெக்கம் தீர்ப்புச் சொன்னாரு. பாத்தியா, உங்க தொழிலுக்குப் புத்தி சொன்னதே வெளியில நின்னு சத்தம் போட்டவங்கதான். அரசியல் வேணாம்னு நீ கதவைச் சாத்துனா அது கொல்லைப்பக்கமா வந்து அடுப்புல ஒல வைக்கும்.

வேற ஒரு கதை கேளு, இதே ஊர்க் கதை. இங்க சிறைக் காவலருங்களுக்கு ஒரு சங்கம் இருக்கு. 1980-ல டான் நோவின்னு ஒருத்தர் தலைவரா வந்தாரு. மாசா மாசம் சந்தா, அதுலேருந்து தேர்தல் நிதி. 1990-ல பீட் வில்சன் கவர்னர் தேர்தல்ல நின்னப்ப லட்சக்கணக்குல எறக்குனாங்க. மூணாந்தடவை மாட்டுனா ஆயுசுக்கும் உள்ளன்னு 1994-ல ஒரு சட்டம் வந்துச்சே, அதுக்கும் துணை நின்னாங்க. 1984-லேருந்து இருவது வருசத்துல இருபதுக்கு மேல ஜெயிலு கட்டியாச்சு இந்த மாநிலத்துல. அம்புட்டும் அவங்க காசாலதான்னு நான் சொல்லல. ஜனங்களும் ஓட்டுப் போட்டு ஆமோதிச்ச சட்டம் அது. ஆனா ஒண்ணு: ஜெயிலுக்குக் காவல் நின்னவன் உண்டியலக் குலுக்கிட்டு முன்னாடியே வந்து நின்னான். பையன் ஜெயிலுப் பக்கம் போயிடாமப் பாக்க வேண்டிய நீங்க, உண்டியலு மரத்துல செய்யலாமா தகரத்துல செய்யலாமான்னு பேசிக்கிட்டு இருக்கீங்க.

சரி, பயம் என்னன்னு எனக்குத் தெரியும். "காசு குடுத்துக் காரியம் சாதிக்கிறதா?" அதானே? அங்கதான் நம்ம பேராவூரணிக்காரன்கிட்ட நீ கத்துக்கணும்.

ஆடி பொறந்தா நம்ம பக்கம் மொய் விருந்து. பந்தலப் போடுறது, பேனரு கட்டுறது, கெடா வெட்டுறது, நீளமா மேசையப் போட்டு நோட்டோட ஆளு உக்காருறது. ஒருத்தன் அஞ்சாயிரம் எழுதுவான், ஒருத்தன் அம்பதாயிரம் எழுதுவான். சோத்துக்கு யாரும் அவ்வளவு குடுக்கல. ஒருத்தனால ஒரே மூச்சுல பெரட்ட முடியாததை ஊரு கூடிப் பெரட்டிக் குடுக்குது. அதுல கெணறு வெட்டுனவன் உண்டு, மகளைக் கரையேத்துனவன் உண்டு. உன்னைய விமானம் ஏத்தி விட்டது யாருன்னு நெனச்ச? உங்கப்பன் வச்ச விருந்துல நானே முன்னின்னு நோட்டு எழுதுனேன். வெக்கப்பட ஒண்ணுமில்ல.

இந்த ஊரு தேர்தல் நிதியும் நோட்டு வச்ச மொய்தான். ஆனா நம்ம நோட்டை விட இவங்க நோட்டு ரொம்பக் கறாரு. 1974-ல ஜனங்க ஓட்டுப் போட்டுக் கொண்டாந்த அரசியல் சீர்திருத்தச் சட்டமாம். வருசத்துல நூறு டாலரத் தொட்டுட்டா பேரு, வெலாசம், தொழிலு, யாருகிட்ட வேலை பாக்குறன்னு எல்லாத்தையும் எழுதணும். யாரு வேணா பொரட்டிப் பாக்கலாம். நூறு டாலரும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கவே கூடாது. "என் பேரு வெளிய தெரிஞ்சா ஹெட்மாஸ்டரு என்ன நெனப்பாரோ"ன்னு அந்தச் சிவப்புச் சட்டைத் தம்பி கேட்டுச்சு. தம்பி, நம்ம ஊரு கல்யாணத்துல அம்பது ரூவா வச்சவன் பேரையும் மைக்குல கத்துவாங்க. யாரும் செத்துப் போகல.

பள்ளிக்கூடத்து ஈமெயிலுல இதைப் பத்தி எழுதாத. பள்ளிக்கூடத்து மிஷின்ல நோட்டீசு நகல் எடுக்காத. சம்பளம் வாங்குற நேரத்துல வசூல் பண்ணாத. சர்க்காரு சாமானைத் தேர்தலுக்குத் தொட்டா இங்க சட்டக் குத்தம். தர்மக் காரியத்துக்குன்னு பதிஞ்ச சங்கம் வேட்பாளருக்கு ஒரு சல்லி தர முடியாது, அதனால தேர்தல் உண்டியலு தனி, சந்தா உண்டியலு தனி. செக்கைக் கொண்டு போயி அந்தச் சட்டசபைக் கட்டடத்துக்குள்ள வச்சுக் குடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. இது எனக்கு ரொம்பப் புடிச்சுது. மூலஸ்தானத்துல மட்டும் உண்டியலு வைக்கக் கூடாதாம், பிரகாரத்துல வச்சுக்கலாமாம்.

அப்புறம் ஒரு நல்ல வழி இருக்கு, அதை உங்க அஞ்சு பேருல ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்லல. நூறு பேரோ மேலயோ சேந்து, ஆளுக்கு வருசத்துக்கு 200 டாலருக்கு மேல வாங்காம, ஆறு மாசம் நிதியை நடத்தி, அஞ்சு வேட்பாளருக்காவது குடுத்திருந்தா, அதைச் சிறு நன்கொடையாளர் குழுன்னு தனியா வச்சிருக்காங்க. சட்டசபை வேட்பாளருக்கு மத்தவன் குடுக்கிற உச்சத்தைப் போல ரெண்டு மடங்கு அது குடுக்கலாம். ஒரு பெரிய முதலாளி ஒத்தையா வந்து நீட்டுறதை விட, நூறு சம்பளக்காரங்க சேந்து நீட்டுறதுக்கு மருவாதி ஜாஸ்தின்னு சட்டமே சொல்லுது. மாசம் பத்து டாலருன்னா வருசத்துக்கு 120. போன வாரம் ஒரு மசால்தோசைக்குப் பதிமூணு டாலரு குடுத்த, மசாலு வேகலன்னு வழி நெடுக என்னைத் திட்டிக்கிட்டே வந்த. ஆயிரம் பேரு அந்தத் தோசையை மாசம் ஒரு தடவை தள்ளி வச்சு, அதுல பத்து டாலர இதுல போட்டா வருசத்துக்கு ஒரு லட்சத்து இருவதாயிரம். கணக்குப் போட எனக்கு ஐ.க்யூ. பரீட்சை வேணாம்.

ஆனா ஆத்தா, ஒரு எடத்துல இது நம்ம மொய் இல்ல. நம்ம மொய்யி வட்டமா திரும்பி வரும். நான் ஆயிரம் வச்சா நீ அதுக்கு மேல போட்டு எனக்கு வைக்கணும். இங்க? எழுதணும், ஆனா கேக்கக் கூடாது. "செக்கு குடுத்தேன், எங்க மசோதாவுக்குக் கை தூக்கு"ன்னு ஒரு வார்த்தை வந்துருச்சுன்னா அது மொய் இல்ல, லஞ்சம். கம்பி எண்ணணும். நோவி ஆளுக காவல் நிக்கிற கம்பியையே எண்ண வேண்டியது வந்தாலும் வரும்.

இந்த ஊருல ஜெஸ்ஸி அன்ரூன்னு ஒரு சபாநாயகர் இருந்தாரு. அரசியலுக்குப் பணந்தான் தாய்ப்பாலுன்னு சொன்னவரு. அவரே இன்னொண்ணும் சொன்னதாச் சொல்லுவாங்க: காரியம் கேட்டு வர்றவன் போட்ட சோத்தைத் தின்னுட்டு, அவன் காசை வாங்கிட்டு, அவனுக்கு எதிரா ஓட்டுப் போடத் தெரியாதவனுக்கு இங்க வேலை இல்லைன்னு. அப்ப பாத்துக்க. காசு கதவைத் தொறக்கும், அவ்வளவுதான். தொறந்த கதவுக்குள்ள போயி என்ன பேசுறன்னு ஒண்ணு இருக்குல்ல, அதுலதான் நீங்க கோட்டை விடுவீங்கன்னு எனக்குப் பயம்.

நேத்துப் பேசுன பேச்சை வச்சுச் சொல்றேன். "பல அடுக்கு ஆதரவு முறைமை"ன்னு ஒருத்தர் சொன்னாரு. நான் மூணு மாடிக் கட்டடம்னு நெனச்சேன். நீங்க பேச வேண்டியது யாருகிட்ட? இந்த மாநிலத்து அசெம்பிளியில 80 பேரு, செனட்டுல 40 பேரு. பன்னெண்டு வருசத்துக்கு மேல யாரும் இருக்க முடியாதுன்னு 2012-ல ஓட்டுப் போட்டுட்டாங்க. அதனால உங்க வேலையைப் புரிஞ்சிக்கிட்ட ஆளு வீட்டுக்குப் போயிருவாரு, நேத்துவரைக்கும் வேற வேலை பாத்தவரு வந்து உக்காருவாரு. அவருகிட்ட அடுக்கு, முறைமைன்னு ஆரம்பிச்சா கைக்கடியாரத்தைப் பாப்பாரு. பேரு சொல்லாம ஒரு பிள்ளையைச் சொல்லு. மூணாம் வகுப்பு, எழுத்துக் கூட்ட வரல, வகுப்புல மேசைக்கு அடியில போயி உக்காந்துக்குது; எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் வாரத்துல ஒரு நாள், அந்தப் பிள்ளைக்கு அழுக வந்தது வேற நாள். இதைச் சொல்லிட்டு வாயை மூடிக்க. நீதான் மனசு படிச்சவளாச்சே, அவரு மூஞ்சியப் பாரு. பிள்ளைக மூஞ்சியில தெரியுற அதே சங்கதிதான் அங்கயும் தெரியும். கொஞ்சம் லேட்டாத் தெரியும்.

பணம் செலவாகுற மசோதான்னா அதை ஒரு கிடப்புல போட்டு வைப்பாங்களாமே, சஸ்பென்ஸ் ஃபைலுன்னு பேராமே. சினிமாப் படம்னு நெனச்சேன். வருசத்துல ரெண்டு தடவை கூடி, விவாதமே இல்லாம, எது பொழைச்சுது எது செத்துதுன்னு கடகடன்னு வாசிச்சு முடிச்சிருவாங்களாம். வாசிக்கிற அன்னைக்குப் போயி அழுது பிரயோசனம் இல்ல. பயிருக்குத் தண்ணி கதிரு சாஞ்சப்புறமா பாச்சுவ? மார்கழியில முன்னக்கூட்டிப் போயி உக்காரு. எமிலிஸ் லிஸ்டுன்னு 1985-ல பெண்களே சேந்து ஒரு நிதி தொடங்குனாங்கல்ல, அந்தப் பேரே அதுதானாம்: முன்னக்கூட்டி வர்ற காசு மாவு பொங்க வைக்கிற புளிப்பு மாதிரின்னு. இட்லி ஊத்துற நேரத்துல புளிச்ச மாவைத் தேடக் கூடாதுன்னு உங்க பெரியம்மா சொல்றதை அவங்க இங்கிலீசுல சொல்லிட்டாங்க.

ரெண்டு கட்சிக்கும் போ. சிவப்பு, நீலம்னு மூஞ்சியச் சுளிக்காத. 2022 மே மாசம் டெக்சாஸ் யுவால்டி பள்ளிக்கூடத்துல 19 பிள்ளைகளும் 2 டீச்சருங்களும் செத்தப்புறம், ஜூன்ல ஒரு சட்டம் வந்துச்சு. ரெண்டு கட்சியும் கை தூக்குனதாலதான் வந்துச்சு. பள்ளிக்கூடத்து மனநலத்துக்குன்னு நூறு கோடி டாலரு. சைக்காலஜிஸ்டுகளப் படிக்க வைக்க, வேலைக்கு எடுக்க. 2025 ஏப்ரல்ல அந்த மானியத்தை நிறுத்துறோம்னு கடுதாசி வந்துச்சு. வழக்கு மேல வழக்கு. பிள்ளைக செத்தாத்தான் காசு வரும், மூணு வருசம் போனா அதுவும் மறந்து போகும்னா, மறக்காம நினைவுபடுத்த ஒரு ஆளு அங்க நிக்கணுமா வேணாமா? கூரையை வேஞ்சுட்டுப் போயிட்டா ஆச்சா? வருசா வருசம் ஓலை மாத்தணும்.

கடைசியா, இனிக்காத ஒண்ணு. நிதி வளர்ந்தா அதுக்குப் பசி எடுக்கும். நிதியைக் காப்பாத்த ஒரு நிதின்னு ஆகும். உன் சம்பளத்துக்குக் கேக்குறதா இருந்தா உன் பேரைச் சொல்லியே கேளு, அதுல பாவமில்ல. உன் நாற்காலிக்குக் குஷன் கேட்டுட்டு அதைப் பிள்ளை பேருல எழுதிடாத. ஒவ்வொரு தடவையும் செக்கு எழுதுறப்ப, இதுனால அந்த மேசைக்கு அடியில உக்காந்த பிள்ளைக்கு என்னன்னு ஒருத்தர் கேக்கணும். அந்தக் கண்ணாடிப் பொண்ணையே அதுக்குப் போடுங்க. சந்தேகப்படுறவங்கதான் கணக்குப் பாக்க லாயக்கு.

ஏன்னா இந்த மொய்யை யாரு பேருல எழுதுறீங்கன்னு யோசிச்சியா? அந்தப் பிள்ளைக்கு ஓட்டு இல்ல. கையில காசு இல்ல. உனக்குத் திருப்பி வைக்கப் போறதில்ல. வளந்து ஆளாகி ரோட்டுல எதுத்தாப்புல வந்தா உன்னைய அடையாளங்கூடத் தெரியாது. நம்ம ஊரு கணக்குல இது நட்டம். நான் எழுதுன நோட்டுலயே அப்படி ஒரு மொய் உண்டு. மகனும் இல்லாம மகளும் இல்லாம, எந்த விசேசமும் வைக்க முடியாத எங்க வள்ளியம்ம அப்பாயி, ஒவ்வொரு விருந்துக்கும் வந்து பத்து ரூவா எழுதிட்டுப் போகும். திரும்பி வராதுன்னு தெரிஞ்சேதான் எழுதுச்சு. அது சாவுக்கு ஊரே நின்னுச்சு. அது வேற விசயம்.

இந்தா, இருவது டாலரு. விமானத்துல வர்றப்ப மாத்துனது. என் பேரையும் உங்க பேக்குல எழுதிக்க.

என்னது? வாங்கக் கூடாதா? பச்ச அட்டை வச்சிருக்கிற நீ குடுக்கலாம், சுத்திப் பாக்க வந்த நான் ஒரு டாலருங்கூடக் குடுக்கக் கூடாதா? வெளிநாட்டான் காசு தேர்தல்ல ஆகாதா? நல்ல சட்டந்தான், நம்ம ஊருக்கும் சொல்லணும். என்னது, இன்னும் இருக்கா? காசு மட்டுமில்ல, அந்த நிதியை யாருக்குக் குடுக்கலாம், எப்படிக் குடுக்கலாம்னு முடிவு பண்றதுலயும் வெளிநாட்டான் தலையிடக் கூடாதா?

அட கிரகமே. இதை மொதல்லயே சொல்றதில்லையா?

சரி, யாராவது கேட்டா இப்படிச் சொல்லிரு: பெரியப்பா ஒண்ணும் சொல்லல. அவரு பாட்டுக்கு வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தாரு.